இரண்டாவது சீட்டு

உச்சிப்பொழுது. ஏரிக்கரை அம்மன் கோயிலில் நாங்கள் ஐந்து பேர் நின்றிருந்தோம். பூசாரி, என் தாய்மாமன், அவர் மனைவியான என் அத்தை, அவர்களுடைய ஒரே மகள் குமுதவல்லி, நான்.

பூசாரி ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் காட்டினார். அடியில் தங்கியிருந்த தீர்த்தம் இரண்டு சொட்டு கல்லில் விழுந்தது. செம்பை நிமிர்த்தி என்னிடம் நீட்டினார். எட்டாக மடித்த இரண்டு சீட்டுகளை அதற்குள் போட்டேன்.

கோயிலுக்குள் வௌவால் வாடை. வெளியே ஏரி வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அந்த நேரத்தில் பிரசாதத்துக்கு வந்து கத்தும் காகங்கள் அன்று ஒன்றுகூட வரவில்லை.

தாய்மாமன் மகளைப் பார்த்து, "எடும்மா" என்றார்.

குமுதா கையை உள்ளே விட்டாள். செம்பின் வாய் சிறியது. போன கை வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எடுத்த சீட்டை என்னிடம் கொடுத்தாள். பிரித்தேன். நான் எழுதியதை நானே உரக்கப் படித்தேன்.

"வேண்டாம்."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாய்மாமன் கண்களை மூடிக்கொண்டார். உதவித்தொகையோடு இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்குப் படிக்கப் போகவிருந்த பெண், உத்திரமேரூரிலேயே நின்றுவிட்டாள்.

ஒன்றில் "போகலாம்", மற்றதில் "வேண்டாம்" என்று எழுதச் சொல்லித்தான் என்னிடம் பேனாவைக் கொடுத்திருந்தார்கள். நான் இரண்டிலும் "வேண்டாம்" என்றே எழுதினேன்.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளிகளைப் பற்றியும் பட்ட இடமாற்றங்களைப் பற்றியும் எழுதினேன். இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். எனக்கு எண்பது வயது. இனித் தள்ள முடியாது.

எழுதியவன் ஏன் நான்

தாய்மாமன் பத்திரம் எழுதுபவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். எவ்வளவு பழைய கிறுக்கலையும் படித்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் குமுதா அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பத்திரங்களை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அந்தக் கண்தான் பிற்பாடு புளோரன்ஸில் நானூறு, ஐந்நூறு வருடத்துக் கையெழுத்துகளுக்குள் நுழைந்தது.

காஞ்சிபுரத்தில் பட்டப்படிப்பு, சென்னையில் எம்.ஏ. இத்தாலிய மொழியை ஒரு கன்னியர் மடத்து வயதான சகோதரியிடம் கற்றுக்கொண்டாள். உதவித்தொகைக் கடிதம் வந்ததும் வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. பெண்ணை அனுப்பவும் மனமில்லை, தடுக்கவும் மனமில்லை. எங்கள் குடும்பங்களில் அப்படி ஒரு முட்டுச்சந்து வந்தால் திருவுளச் சீட்டு போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம்.

அதற்கு விதிகள் உண்டு. சம்பந்தப்பட்டவர் சீட்டு எழுதக் கூடாது. எடுத்த சீட்டைப் படித்தபின் மற்றதை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மன் வாக்கைச் சந்தேகப்பட்டதாகும். எழுதியவனே அதைக் கொண்டுபோய் நீரில் விட்டுவிட வேண்டும்.

அந்தக் கடைசி விதிக்குள்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

நான் குமுதாவின் அத்தை மகன், அவளைவிட நான்கு வயது மூத்தவன். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவளை எனக்குக் கட்டிக்கொடுப்பார்கள் என்று ஊரே நினைத்தது. அவள் மேல் எனக்கு ஆசை இருந்தது உண்மை. அந்த ஆசையால்தான் செய்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. நானும் சரித்திரத்தில் எம்.ஏ. அதே உதவித்தொகைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன், யாருக்கும் சொல்லாமல். எனக்குப் பதிலே வரவில்லை. அன்று பேனாவைப் பிடித்திருந்தது பொறாமை.

சில மாதங்கள் கழித்துக் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். குமுதா என் முன்னாலேயே சொன்னாள்:

"ஏரிக்கர ஆத்தா போவ வேணாம்னுதான் சொல்லிச்சி. இவர கட்டிக்கச் சொல்லல."

காலிச் செம்பு

அன்று எல்லோரும் கோயிலைவிட்டு வெளியே போனபிறகு, மிச்சமிருந்த சீட்டை எடுத்து ஏரியில் விடுவதற்காகச் செம்புக்குள் கையை விட்டேன்.

ஒன்றும் தட்டுப்படவில்லை. கவிழ்த்தேன். தட்டினேன். தரையில், பலிபீடத்தின் அடியில், விளக்குத் தண்டின் பின்னால் என்று தேடினேன். வாசலில் இருந்து பூசாரி, "இன்னா தேட்ற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். வெளியே வந்து, ஏரியில் விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அப்படிச் சொன்னபிறகு யாரிடம் போய் விசாரிப்பது? சீட்டு எங்கோ இருந்தது. யார் பிரித்தாலும் என் கையெழுத்து என்னைக் காட்டிக்கொடுக்கும்.

அதற்குப் பிறகு உச்சிவேளையில் அந்தக் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் பித்தளைக்குள் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. வௌவால் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நடையை எட்டிப்போடுவேன். சட்டைப் பையில் மடிந்து கிடக்கும் பஸ் டிக்கெட்டைத் தொட்டால்கூட எடுத்துப் பிரித்துப் பார்த்துவிடுவேன். பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று. ஒருநாள் என் மனைவி ஏதோ காகிதத்தை எட்டாக மடித்துச் சமையலறைச் செம்பில் போட்டு வைத்திருந்தாள். அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டாள். அவள் போய்ச் சேரும்வரை காரணத்தைச் சொல்லவில்லை.

பையில் இருந்த பெயர்கள்

குமுதா ஏழு வருடம் பெண்கள் பள்ளியில் பாடம் எடுத்தாள். தாய்மாமன் இறந்தார். அம்மனே தடுத்துவிட்டாள் என்ற நம்பிக்கையோடுதான் இறந்தார். மறுவருடம் அவள் மறுபடி விண்ணப்பித்தாள். இம்முறை எந்தச் சாமியையும் கேட்காமல் கிளம்பிவிட்டாள். முதல்முறை அவளுக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டிருந்த பேராசிரியர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். புதிய ஆளைத் தேடி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள்.

மறுமலர்ச்சிக் காலம் என்றால் எல்லோரும் ஓவியத்தையும் சிலையையும் பார்ப்பார்கள். குமுதா வேறொன்றைப் பார்த்தாள். அந்த நகரத்தை ஆள்கிறவர்களை அங்கே சீட்டுப் போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். தகுதியானவர்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதித் தோல்பைகளில் போட்டு, பைகளைப் பெட்டியில் பூட்டித் துறவிகளிடம் ஒப்படைப்பார்களாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையில் கையை விடுவார்கள். குடவோலைக் கல்வெட்டு மண்டபத்தைத் தினமும் கடந்து பள்ளிக்குப் போன பெண்ணுக்கு இதை யார் விளக்க வேண்டும்?

அவளுடைய முதல் கடிதத்தில் முதல் வரி: "மாமா, இங்கேயும் சீட்டுதான்." படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொரு கடிதம் மறக்காது. ஒருமுறை நிரப்பிய பையிலிருந்து வருடக்கணக்கில் எடுப்பார்கள். அதற்குள் ஆட்கள் செத்துப்போவார்கள். சீட்டுக்கு அது தெரியாது. உள்ளே போன கை, கொள்ளைநோயில் போனவனின் பெயரோடு வெளியே வரும். எழுத்தர் அந்தப் பெயருக்கு நேரே இறந்தார் என்று எழுதிவிட்டுச் சீட்டைக் கிழித்துவிடுவார். நோய் வந்துபோன வருடங்களில் பக்கம் முழுக்க அப்படியே இருக்குமாம்.

ஒரு குளிர்காலப் பிற்பகல், ஆவணக் காப்பகத்தில் தனியாக உட்கார்ந்து அந்தப் பெயர்களை மெல்ல வாய்விட்டுப் படித்திருக்கிறாள். வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் கொஞ்சம் நிறுத்தி. ஒரு பெயருக்குப் பின் அவள் முதுகுப்பக்கம் நாற்காலி ஒன்று தள்ளப்படும் சத்தம் கேட்டது. திரும்பினால் யாருமில்லை. பழைய கட்டடம், மரம் முறுகும் என்று எழுதியிருந்தாள். மறுநாளிலிருந்து சுவரை ஒட்டிய இருக்கையில்தான் உட்கார்ந்தாளாம்.

பெயர் கேட்க வந்தவர்

அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தேர்தல் வேலை பார்த்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. செய்யாற்றங்கரை ஊர் ஒன்றில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் படிப்பது என் வேலை.

வயதான ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டு நகராமல் நின்றார். அடுத்த பெயரைப் படிக்கச் சொன்னார். அடுத்த பெயர் அவர் மனைவியுடையது. அந்த அம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்று கட்சி ஏஜெண்டு சொன்னார்.

"அவ ஓட்ட நான் கேக்கல சார்" என்றார் கிழவர். "பேர மட்டும் ஒருதபா படி. கேட்டுட்டுப் போறேன்."

படித்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் பெண்கள் வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. பின்னால் அவ்வளவு கூட்டம் நெருக்கியும் அந்த இடத்தில் யாரும் வந்து நிற்கவில்லை.

நிரப்பியவர்கள்

குமுதா பேராசிரியையானாள். அவளிடம் படிக்கப் பல தேசத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அவளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த புத்தகம், சீட்டில் வந்தவர்களைப் பற்றியது அல்ல. பையை நிரப்பியவர்களைப் பற்றியது. பை முத்திரையிட்டது. காவல் புனிதமானது. எடுப்பது ஊர் பார்க்க. எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னால், மூடிய அறைக்குள், யார் பெயரை உள்ளே போடுவது என்று சிலர் முடிவுசெய்துவிட்டார்கள். ஒரு வணிகக் குடும்பம் இப்படியே பல காலம் அந்த ஊரை ஆண்டிருக்கிறது.

எனக்கு ஒரு பிரதி அனுப்பினாள். முன்னுரையைத் தாண்டவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு கடிதத்தில் உதவி கேட்டாள். நம் கல்வெட்டில், எடுத்த ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று வருகிறதே, அந்த வரியை நேரில் பார்த்து எழுத்து மாறாமல் அனுப்பு என்றாள். போய் நின்றேன். மண்டபத்தில் என்னைத் தவிர யாருமில்லை. எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். அப்போதுதான் தோன்றியது: விரலை மூடிக்கொண்ட ஒருவன் இல்லாமல் இந்த விதி வந்திருக்காது. என்னைப் போன்ற ஒருவன் இதே ஊரில் ஆயிரம் வருடத்துக்கு முன்பும் இருந்திருக்கிறான். கல்லிலிருந்து கையை எடுத்தேன். விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன.

நான்கு வருடங்களுக்கு முன் முழங்கால் வலியோடு ஊருக்கே திரும்பி வந்தாள். அடுத்த தெருவில் வீடு. பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள். நாற்பது வருடம் வெளிதேசத்தில் இருந்தும் பேச்சு மாறவில்லையே என்று பால்காரம்மா வியந்தபோது, "அங்க இந்தப் பேச்சு பேச ஆளே இல்ல. அதான் கெடாம கீது" என்றாள்.

தினமும் நாலு மணிக்குப் போவேன். காப்பி கொடுப்பாள். எதையெதையோ பேசுவோம். அந்தச் சீட்டைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உள்ளங்கை

போன வருடம் அவளுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. காஞ்சிபுரத்து டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒருநாள் நடுப்பகலில் ஆள் அனுப்பினாள்.

வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்தாள். நெஞ்சின் மேல் கையகல பழுப்புத் தோல்பை ஒன்று. தலைமாட்டில் முக்காலி, அதன் மேல் குடிதண்ணீர்ச் செம்பு.

"கைய நீட்டு மாமா" என்றாள். நீட்டினேன். "அப்படி இல்ல. கல்வெட்டுல கீற மாதிரி."

ஐந்து விரலையும் விரித்தேன். பையின் சுருக்குக் கயிற்றைத் தளர்த்தி என் உள்ளங்கையின் மேல் கவிழ்த்தாள். எட்டாக மடித்த காகிதம் விழுந்தது. என் நோட்டுப் புத்தகத்துத் தாள். ஓரத்தில் கோடு தெரிந்தது.

"அன்னிக்கி செம்புக்குள்ள ரெண்டும் கையில வந்திச்சி" என்றாள். "ஒண்ண உங்கிட்ட குடுத்தேன். ஒண்ண வெரல் சந்துல வச்சிக்கினேன். நீ வேணாம்னு படிச்ச. அப்போ எங்கையில கீறது போவலாம். அதுவாவது எங்கூட கெடக்கட்டும்னு எடுத்தாந்துட்டேன்."

ஏழு வருடம் அதைத் தன் அப்பாவின் பத்திரப் பெட்டியில் வைத்திருந்தாளாம். விமானம் ஏறியபோது ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஏறினாளாம். சாமி கொடுக்காவிட்டாலும் போகலாம் என்று ஒரு சீட்டு கைவசம் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் போனாளாம்.

பிரித்துப் பார்க்கவே இல்லையா என்று கேட்டேன்.

"மொதல்ல தேவப்படல. அப்புறம் அந்தப் பைங்கள படிக்கப் படிக்க பயம் வந்திச்சி. ஊருபட்ட செத்தவன் பேரெல்லாம் படிச்சேன். இத பிரிக்க மட்டும் கை வரல." சிறிது மூச்சு வாங்கினாள். "இப்ப கண்ணு தெரியல. நீ எழுதினது. நீயே படி."

அப்போது தலைமாட்டுச் செம்புக்குள்ளிருந்து காகிதம் புரளும் சத்தம் கேட்டது. செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. நான்தான் வந்ததும் மூடியைத் திறந்து பார்த்திருந்தேன். குமுதாவும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

நான் சீட்டைப் பிரிக்கவில்லை.

"குமுதா, இதுல போவலாம்னு இல்ல. ரெண்டுலயும் வேணாம்னுதான் எழுதினேன். சாமி தடுக்கல. நான்தான்."

முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "பிரி" என்றாள். "வாயால சொன்னா போதாது. பிரிச்சுக் காட்டு."

மடிப்புகள் முறிந்து வந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே எழுத்து இல்லை. எட்டுக் கட்டத்திலும் ஒரே மாதிரி வெளிறிய நீலக் கறை. அவ்வளவுதான். செம்பின் அடியில் தங்கியிருந்த தீர்த்தம் என் பேனா மையை அன்றைக்கே கரைத்துவிட்டிருக்கிறது. அவள் கையோடு வெளியே வந்தபோதே அது வெற்றுக் காகிதம்.

ஐம்பது வருடம் நான் பயந்த சாட்சி எங்குமே இருந்ததில்லை. வாயைத் திறக்காமல் முதலில் சீட்டைப் பிரித்திருந்தால் நானும் தப்பியிருப்பேன், அவளும் தன்னுடைய 'போகலாம்' என்பதோடு கண்ணை மூடியிருப்பாள். இத்தனை காலம் எனக்காகப் பேசாமல் இருந்தேன். அவளுக்காகப் பேசாமல் இருந்திருக்க வேண்டிய ஒரே ஒரு நிமிடத்தில் பேசிவிட்டேன்.

காகிதத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று.

"போவலாமா வேணாமான்னு கேட்டோம். ஆத்தா வாயே தொறக்கல பாரு. நீதான் பேசிகீற." இருமல் அடங்கட்டும் என்று நிறுத்தினாள். "ஆனா போய்ட்டு வந்துட்டேனே மாமா."

என்னை மன்னித்துவிடு என்றேன்.

"அது எனக்கு வராத வேல. பைய ரொப்பினவன் யாருன்னு கண்டுபுடிக்கறதுதான் என் வேல. கண்டுபுடிச்சிட்டேன். இந்தக் காயிதம் எதுக்கும் ஒதவாது. நீ எழுது. உன் பேர போட்டு எழுது. எங்க நைனா பாவம், சாமிமேல பழி போட்டுட்டே செத்தாரு."

புளோரன்ஸ் எழுத்தர்கள் செய்ததுபோல சீட்டை இரண்டாகக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்தாள். அதன்பிறகுதான் விரலை மூடச் சொன்னாள்.

தை பிறப்பதற்குள் போய்விட்டாள்.

உறவு

போன மாதம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஓர் அம்மாள் வந்தார். குமுதாவின் வீடு பூட்டிக் கிடந்ததால் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். நண்பகல். தெருவில் ஆளில்லை. பெயரை நீக்க வேண்டுமா என்று கேட்டார்.

நீக்குவதற்கு முன் ஒருமுறை அந்தப் பெயரை உரக்கப் படியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் படித்தார். நான் காத்திருந்தேன். வீட்டுக்குள் சமையலறை மேடையில் செம்பு இருக்கிறது. அதிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவள் போனதிலிருந்தே எந்தச் செம்பிலிருந்தும் வருவதில்லை. சத்தம் கேட்ட நாட்களே தேவலாம் என்று இருக்கிறது.

"அடிச்சிடுங்க" என்றேன்.

படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நிறுத்தி, "நீங்க அவங்களுக்கு இன்னா வேணும் சார்?" என்று கேட்டார்.

"சீட்டு எழுதினவன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். வயதானவர், ஏதோ உளறுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். உறவினர் என்று எழுதிக்கொண்டு, நீல மையில் அந்தப் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.